சதுரங்கப் பலகையில் எழுந்த பேரெண்

எண்களுட் சில கதையினாற் புகழெய்தின. சில தம்முடைய குணத்தினாற் புகழெய்தின. இவ்விரு புகழும் ஒருங்கே வாய்ந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்றை இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் முன்னும், இன்று வகுப்பறையிலே கணிதம் பயிலும் இளைஞர் முன்னும் வைக்க விரும்புகின்றோம். அவ்வெண் வருமாறு:

18446744073709551615

இருபது இலக்கங்கள் கொண்ட இதனை நம் வழக்கப்படி வாசிப்பதாயின், 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615 எனல் வேண்டும். இதன் கதையைப் பலரும் அறிவர். குணத்தை அறிந்தோர் சிலரே. ஆதலாற் கதையைச் சுருக்கிக் குணத்தை விரிப்பதே நம் நோக்கம்.

சதுரங்க விளையாட்டை அமைத்துக் கொடுத்த அறிஞன் ஒருவனை நோக்கி, வேண்டிய வரத்தைக் கேள் என்றான் அரசன். முதல் வீட்டுக்கு ஒரு தானியமணி, இரண்டாம் வீட்டுக்கு இரண்டு, மூன்றாம் வீட்டுக்கு நான்கு என, முன்னையதன் இருமடங்காக அறுபத்து நான்கு வீடுகளுக்கும் தருக என்றான் அறிஞன். இவ்வளவுதானா என்று நகைத்த அரசன், கணக்கர் வந்து விடை கூறியபோது நகைப்பை மறந்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிக்கான் என்னும் அறபு வரலாற்றாசிரியர் இக்கதையை எழுதி, அறிஞன் பெயர் சிஸ்ஸா என்பர். கேரளத்து அம்பலப்புழைக் கோயிலிலே பாற்பாயசம் நிவேதிக்கப்படுவதற்கும் இக்கதையையே காரணமாகக் கூறும் ஐதிகம் உண்டு. அங்கே வரங் கேட்டவன் கிருட்டிண பகவானே என்பர்.

கதை எத்தேசத்ததாயினும் கணக்கு ஒன்றே. ஒரு கிராமுக்கு நாற்பது அரிசி மணிகள் எனக் கொள்வோம். பலகையின் முற்பாதியாகிய முப்பத்திரண்டு வீடுகளிலும் சேரும் மணிகள் 4294967295. அவற்றின் நிறை ஏறத்தாழ 107 தொன். ஐம்பது கிலோ மூடையாக அடுக்கினால் இரண்டாயிரத்து நூற்றைம்பது மூடைகள்வரை வரும். எந்த அரசனுடைய களஞ்சியத்துக்கும் இஃது ஒரு பொருட்டன்று. அரசன் பாதி வழிவரை நகைத்தது நியாயமே என்க. பிற்பாதியோ முற்பாதியின் 4294967296 மடங்கு! முழுப் பலகைக்கும் வேண்டிய அரிசி ஏறத்தாழ 46,100 கோடி தொன். உலகமெல்லாம் இக்காலத்தில் ஓராண்டில் விளையும் அரிசி ஐம்பது கோடி தொன்னுக்குச் சற்று மேற்பட்டது. எனவே எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட உலக விளைச்சலை அந்த அறிஞன் பணிவோடு கேட்டுவிட்டான்.

இனிக் கணக்கினுள்ளே புகுவோம். அறுபத்து நான்கு எண்களையும் தனித்தனியே எழுதிக் கூட்ட வேண்டுவதில்லை. பலகைக்கு வெளியே ஒரு மணியைக் கடனாக வைத்துக்கொள்க. அதனை முதல் வீட்டின் ஒரு மணியோடு கூட்டினால் இரண்டு. இது இரண்டாம் வீட்டின் அளவு. அதனோடு கூட்ட நான்கு. இது மூன்றாம் வீட்டின் அளவு. இவ்வாறே சென்று கடைசி வீட்டையும் கூட்டியபின் நிற்பது, இல்லாத அறுபத்தைந்தாம் வீட்டின் அளவாகிய 2⁶⁴. கடன் வாங்கிய ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது 2⁶⁴ − 1. பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகைக்கான சூத்திரத்தை நெட்டுருப் பண்ணிய மாணவனும் இதே விடையைப் பெறுவான். ஆயினும் கடன் வாங்கிய மணியை அறிந்தவனுக்குச் சூத்திரம் ஒருபோதும் மறவாது.

2⁶⁴ என்பதைக் காண்பதற்கு இரண்டை அறுபத்து மூன்று முறை இரட்டிக்க வேண்டுமோ? வேண்டா. இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அதன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65536. அதன் வர்க்கம் 4294967296. அதன் வர்க்கம் 18446744073709551616. ஆறே பெருக்கல்கள். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் அல்பிரூனி தமது காலவரன்முறை நூலிலே சதுரங்கக் கணக்கை இவ்வாறு வர்க்கித்து வர்க்கித்தே முடித்துள்ளார். அவருக்குப் பல நூற்றாண்டு முன்னரே, பிங்கலர் சந்த இலக்கணஞ் செய்தபோது, குறிலும் நெடிலுமாக அமையும் அசைகளால் எத்தனை வகைச் சந்தங்கள் பிறக்கும் என்ற வினாவுக்கு விடையாக இரண்டின் வலுக்களைக் காணும் முறையொன்றைச் சூத்திரங்களிற் கூறினார். சுட்டி இரட்டையாயின் பாதியாக்கு. ஒற்றையாயின் ஒன்று கழி. பின்னர் வந்த வழியே திரும்பி, பாதியாக்கிய இடத்தில் வர்க்கி, ஒன்று கழித்த இடத்தில் இரட்டி என்பது அதன் கருத்து. அறுபத்து நான்கு ஆறு முறை பாதியாகி ஒன்றாவதால், ஆறு முறை வர்க்கித்தலே போதும். இதைக் கண்டு, பிங்கலரே சதுரங்கக் கணக்கையும் செய்துவிட்டார் என்று பெருமை பேசுதல் தகாது. அவர் செய்தது சந்தக் கணக்கு. ஆனால் அவர் காட்டிய வழி இன்றும் கணினிகள் செல்லும் வழி என்பதைப் பின்னர்க் காண்போம்.

வர்க்கித்து ஏறிய படிகளே இவ்வெண்ணைப் பிளந்து இறங்குவதற்கும் படிகளாகின்றன. அட்சரகணிதத்தில் முதன்முதற் கற்பது இரு வர்க்கங்களின் வித்தியாசம். 2⁶⁴ என்பது ஒரு வர்க்கம். ஒன்றும் ஒரு வர்க்கம். ஆதலால் 2⁶⁴ − 1 என்பது 2³² + 1, 2³² − 1 என்னும் இரண்டின் பெருக்கம். இவற்றுட் பின்னையதும் அவ்வாறே பிளவுபடும். அதன் பின்னையதும் பிளவுபடும். இறுதியிற் கிடைப்பது:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

அறிஞன் கேட்ட அரிசியை அடுக்கிவைத்தாற்போல இவ்வாறு எண்களும் அழகாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு முன் நிற்பவை யாவற்றின் பெருக்கத்திலும் இரண்டு கூடியது: 3 × 5 உடன் 2 கூட்ட 17, 3 × 5 × 17 உடன் 2 கூட்ட 257. இதனால் ஓர் உண்மை புலனாகும். இவற்றுள் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி ஒன்று உண்டாயின், அது அவ்விரண்டையும் இணைக்கும் 2 என்னும் எண்ணையும் வகுத்தல் வேண்டும்; ஆனால் இவையாவும் ஒற்றை எண்கள். ஆகவே பொதுக் காரணி இல்லை. இந்த வரிசை முடிவின்றிச் செல்வதால், ஒவ்வொன்றும் புதியதொரு முதன்மைக் காரணியைக் கொண்டுவருதல் வேண்டும். எனவே முதன்மை எண்கள் முடிவற்றன என்பதும் பெறப்படும். கோல்ட்பாக் என்னும் அறிஞர் 1730ஆம் ஆண்டில் ஒயிலருக்கு எழுதிய கடிதத்தில் இவ்வெண்களுக்குப் பொதுக் காரணி இல்லாமையைக் காட்டினார். முதன்மை எண்கள் முடிவற்றன என்பதற்கு யூக்கிளிட் கூறிய நிறுவலோடு இதனை வைத்து ஒப்பிடுதல் மேல்வகுப்பு மாணவர்க்கு இனிய பயிற்சியாகும்.

3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்கள். தமிழகத்தார் பகா எண்கள் என்பர். தூலூசு நகரிலே நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டு ஓய்வு நேரத்திற் கணிதஞ் செய்தவராகிய பெர்மா, 1640ஆம் ஆண்டில், இந்த வரிசையில் வரும் எண்கள் யாவுமே முதன்மை எண்கள் என்று தாம் நம்புவதாக எழுதினார். முழு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் உடன் எழுதினார். ஐந்து எண்கள் அவர் பக்கம் சாட்சி கூறின. ஆறாவதாகிய 4294967297 பத்து இலக்கங்கள் கொண்டது. அதன் வர்க்கமூலம் 65536க்குச் சற்று மேற்பட்டது. காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடுவதாயின் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். எவர் செய்வார்? பெர்மாவின் பெயரே சான்றாகத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன.

மூன்று உதாரணங்களை எழுதி, 'ஆகவே இஃது எப்போதும் உண்மை' என்று முடிக்கும் விடைத்தாளைக் காணாத கணித ஆசிரியர் இலர். அம்மாணவனுக்குச் சிவப்பு மையாற் கோடிடுகின்றோம். ஐந்து உதாரணங்கள் கொண்டு பெர்மா நம்பினாரே என்று அவன் வாதாடினால் என் செய்வது? பெர்மா தம்மிடம் இருப்பது நம்பிக்கை என்றும், இல்லாதது நிறுவல் என்றும் பிரித்துச் சொன்னார். மாணவன் பிரித்துச் சொல்லவில்லை. அவ்வொன்றே வேற்றுமை. ஆயினும் அது பெரிய வேற்றுமை.

1729ஆம் ஆண்டு திசெம்பரில் கோல்ட்பாக் இவ்வினாவை ஒயிலருக்கு எழுதிக் கேட்டார். முதலில் ஒயிலர் இதிற் பெரிதும் ஊக்கங் காட்டினாரல்லர். பின்னர் ஈடுபட்டு, 1732இல், 4294967297 என்பது 641 ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார்.

4294967297 = 641 × 6700417

இந்த விடையை வகுத்துச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆயினும் வகுக்காமலே காட்டும் வழியொன்று உண்டு. அதன் அழகு கருதி ஈண்டுத் தருகின்றோம். 641 ஐ இருவிதமாக எழுதலாம். ஒன்று, 5 × 2⁷ + 1. அதாவது 640 உடன் 1. மற்றையது, 5⁴ + 2⁴; அதாவது 625 உடன் 16. இரண்டாவது வடிவத்தை 2²⁸ ஆற் பெருக்குக. 5⁴ × 2²⁸ + 2³² கிடைக்கும். இது 641 இன் மடங்கு என்பது வெளிப்படை. இனி, 5 × 2⁷ என்பதன் நான்காம் வலு 5⁴ × 2²⁸. எந்த எண்ணின் நான்காம் வலுவிலும் ஒன்றைக் கழித்தால், எஞ்சுவது அவ்வெண்ணோடு ஒன்று கூட்டியதால் வகுபடும் என்பது அட்சரகணித விதி. எனவே 5⁴ × 2²⁸ − 1 என்பது 5 × 2⁷ + 1 ஆகிய 641 ஆல் வகுபடும். முன்னையதிலிருந்து பின்னையதைக் கழிக்க எஞ்சுவது 2³² + 1. 641 இன் இரு மடங்குகளின் வித்தியாசமும் 641 இன் மடங்கே. வேண்டியது பெறப்பட்டது.

இதைக் கண்டதும், 641 ஐ ஒயிலர் எங்ஙனம் கண்டார் என்று கேட்கத் தோன்றும். தற்செயலாகக் காணவில்லை. காரணி இருக்கக்கூடிய இடங்களை மட்டுமே தேடினார். அதன் உட்பொருளை விளக்குதல் சிறிது பொறுமையை வேண்டுவது. எனினும் இக்கட்டுரையின் சாரம் அதுவே.

2 இன் வலுக்களை ஒரு முதன்மை எண்ணால் வகுத்து, மீதிகளை வரிசையாக எழுதுக. 7 ஆல் வகுத்தால் 2, 4, 1, 2, 4, 1 என மூன்று மீதிகள் சுழன்று வரும். 17 ஆல் வகுத்தால் 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என எட்டு மீதிகள் வந்து மீண்டும் தொடங்கும். ஒவ்வோர் ஒற்றை முதன்மை எண்ணுக்கும் இத்தகைய சுழல் ஒன்று உண்டு. அதன் நீளம் எப்போதும் அம்முதன்மை எண்ணில் ஒன்று குறைந்ததை மீதியின்றி வகுக்கும்: 3 ஆனது 6 ஐ வகுக்கும், 8 ஆனது 16 ஐ வகுக்கும். பெர்மாவின் சிறு தேற்றம் எனப்படுவதிலிருந்து பெறப்படும் உண்மை இது. அத்தேற்றத்தை அவர் 1640இலேயே கூறினார். பிற்காலத்தில் ஒயிலர் அதற்கு நிறுவல் வெளியிட்டார். தம் நம்பிக்கையைத் தகர்க்கும் ஆயுதத்தை அவ்வாண்டிலேயே பெர்மா தம் கையில் வைத்திருந்தார் என்பது வியப்புக்குரியது.

இப்போது ஒரு முதன்மை எண் 2³² + 1 ஐ வகுக்கின்றது எனக் கொள்வோம். அப்படியாயின் 2³² ஐ அதனால் வகுக்க, ஒன்று குறையாக நிற்கும். அதாவது மீதி −1. அதை வர்க்கிக்க, 2⁶⁴ இன் மீதி 1. எனவே சுழலின் நீளம் 64 ஐ வகுக்கும். ஆனால் 32 ஐ வகுக்காது; வகுத்திருப்பின் 2³² இன் மீதியும் 1 ஆகியிருக்கும். 64 ஐ வகுத்து 32 ஐ வகுக்காத எண் 64 ஒன்றே. ஆகவே சுழலின் நீளம் 64. அது முதன்மை எண்ணில் ஒன்று குறைந்ததை வகுக்கும். முடிவு யாதெனின், நாம் தேடும் காரணி 64 இன் ஒரு மடங்கோடு 1 கூட்டியதாகவே இருத்தல் வேண்டும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என எழுதிச் சென்றால், இவற்றுள் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே. ஆறாயிரம் வகுத்தல்கள் எங்கே, ஐந்து வகுத்தல்கள் எங்கே! ஐந்தாம் முயற்சியிற் காரணி அகப்பட்டுவிட்டது.

1878இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இவ்விதியை மேலும் இறுக்கி, 64 இன் இடத்தில் 128 ஐ வைக்கலாம் என்று நிறுவினார். அதனைப் பயன்படுத்தி 6700417 முதன்மை எண்ணா என்பதை வாசகரே சோதிக்கலாம். இதன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேல். இதற்குக் காரணி உண்டாயின் அது 2³² + 1 இற்கும் காரணியாகும். ஆதலால் 128 இன் மடங்கோடு 1 கூட்டியதாய் இருத்தல் வேண்டும். 2588க்கு உட்பட்ட அத்தகைய எண்கள் இருபது. அவற்றுள் முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. இவற்றால் 6700417 ஐ வகுக்க முறையே 170, 44, 120, 334, 622 மீதியாகின்றன. ஒன்றும் பூச்சியமன்று. எனவே அது முதன்மை எண். பென்சிலும் அரைத்தாளும் கொண்டு அரைமணி நேரத்தில் முடியும் இவ்வேலையை எந்த இயந்திரத்தின் துணையுமின்றிச் செய்து பார்க்குமாறு இளைஞரை வேண்டுகின்றோம்.

நமது எண்ணின் முழுப் பிளவு இப்போது கைக்கெட்டிவிட்டது:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு முதன்மைக் காரணிகள்; ஒன்றேனும் இருமுறை வரவில்லை. ஆதலால் இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள், ஒன்றையும் தன்னையும் சேர்த்து, இரண்டின் ஏழாம் வலுவாகிய 128. அரிசியைப் பங்கிட விரும்புவோர் மூவர்க்கோ, ஐவர்க்கோ, பதினைவர்க்கோ, பதினெழுவர்க்கோ மிச்சமின்றிப் பங்கிடலாம். எழுவர்க்குப் பங்கிட்டால் ஒரு மணி மிஞ்சும். 7 இன் சுழல் நீளம் 3 என்பதையும், 64 ஐ 3 ஆல் வகுக்க மீதி 1 என்பதையும் மேலே கண்ட முறையிற் பொருத்தினால் இது மனக்கணக்காகவே வரும். 11க்கு நான்கு மணிகளும், 13க்கு இரண்டு மணிகளும் மிஞ்சுமென்பதையும் அவ்வாறே காணலாம்.

பலகையின் முற்பாதியை முன்னர் இலேசாகக் கடந்துவிட்டோம். அங்கே சேர்ந்த 4294967295 மணிகளுக்குக் கேத்திரகணிதத்திலே ஓர் உயர்ந்த இடம் உண்டு. அவ்வெண் 3 × 5 × 17 × 257 × 65537; அதாவது பெர்மா கண்ட ஐந்து முதன்மை எண்களின் பெருக்கம். வரைகோலும் கவராயமும் மட்டுங் கொண்டு எந்த ஒழுங்கான பல்கோணிகளை அமைக்கலாம் என்பது கிரேக்கர் காலந்தொட்டு நின்ற வினா. முக்கோணியையும் ஐங்கோணியையும் அமைக்க யூக்கிளிட் கற்பித்தார். ஈராயிரம் ஆண்டுகள் அதற்கு அப்பால் ஒருவரும் சென்றிலர். 1796ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பதினெட்டு வயது இளைஞராகிய கவுஸ், பதினேழு பக்கங் கொண்ட ஒழுங்கான பல்கோணியை அமைக்கலாம் எனக் கண்டார். ஒற்றை எண்ணிக்கையான பக்கங்களையுடைய பல்கோணி, அப்பக்க எண்ணிக்கை வெவ்வேறு பெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாயின் அமைக்கத்தக்கது என்று 1801இல் வெளியிட்ட தம் நூலில் அவர் காட்டினார். அல்லாதவற்றை அமைக்க இயலாது என்பதற்கு 1837இல் வான்செல் நிறுவல் தந்தார். ஐந்து முதன்மை எண்களிலிருந்து இவ்வாறு பெறப்படும் பல்கோணிகள் முப்பத்தொன்று. அவற்றுட் பெரியது 4294967295 பக்கங்களையுடையது. ஒற்றைப் பக்க எண்ணிக்கையுள்ள பல்கோணிகளுள் அமைக்கத்தக்கதென இன்று அறியப்பட்டவற்றிற் பெரியது அதுவே. அரசன் நகைத்துக்கொண்டே கொடுத்திருக்கக்கூடிய அரைப்பலகை அரிசியின் எண்ணிக்கை அது!

65537 பக்கப் பல்கோணிக்கு அமைப்பு முறை எழுதுவதற்கு எர்மெஸ் என்னும் செருமானியர் பத்தாண்டு உழைத்து 1894இல் முடித்தார். அக்கையெழுத்துப் பிரதி கொத்திங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. அப்பல்கோணியை வரைந்தால் வட்டத்தினின்றும் அதனை வேறுபடுத்த எந்தக் கண்ணாலும் இயலாது. அவ்வுழைப்பைப் பயனற்றதெனச் சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கூறத் துணியோம்.

இந்த முப்பத்தொரு பல்கோணிகளையும் ஓரிடத்திலே ஒருங்கு காண விரும்புவோர் பிங்கலரின் உரையாசிரியராகிய அலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் விளக்கிய மேருப் பிரத்தாரத்தை எழுதிப் பார்க்க. பாஸ்கலின் முக்கோணி எனப் பள்ளியிற் கற்பது அதுவே. அதில் ஒற்றை எண்ணுக்கு 1 உம், இரட்டை எண்ணுக்கு 0 உம் எழுதி, ஒவ்வொரு வரியையும் இரண்டின் அடியில் அமைந்த எண்ணாக வாசித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என வரும். முதல் முப்பத்திரண்டு வரிகளும் 4294967295 இன் முப்பத்திரண்டு வகுத்திகளை ஏறுவரிசையிலே தருகின்றன. முப்பத்திரண்டாம் வரி அவ்வெண்ணேயாகும்.

மேலே கூறிய லூக்காவே 1883இல் நமது பேரெண்ணுக்கு மற்றொரு கதையையும் உண்டாக்கினார். மூன்று தூண்களும் வட்டத் தட்டுகளும் கொண்ட விளையாட்டொன்றைத் தம் பெயரெழுத்துக்களை மாற்றியமைத்த புனைபெயரில் வெளியிட்டார். காசியிலே கோயிலொன்றில் அறுபத்து நான்கு பொற்றட்டுகளை அந்தணர் இடையறாது மாற்றிவருகின்றனர் என்றும், மாற்றி முடிந்தால் உலகம் முடியும் என்றும் அவ்விளையாட்டை ஒட்டிப் பிரான்சிலே கதை எழுந்தது. நம் நாட்டுப் புராணமென மயங்கி இதனைச் சொற்பொழிவுகளில் எடுத்தாள்வோர் உளர், இது புராணமன்று. கணக்கு மட்டும் மெய். பெரிய தட்டைச் சிறியதன்மேல் வையாமல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய அசைவுகள் 2⁶⁴ − 1. நொடிக்கு ஓர் அசைவாயின் 58,400 கோடி ஆண்டுக்கு மேற் செல்லும். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என வானநூலார் கணித்துள்ளமையால், உலகமுடிவைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டா.

நமது எண்ணோடு இரண்டைக் கூட்டினால் வரிசையின் ஏழாவது உறுப்பு வரும்: 18446744073709551617. லாந்திரி என்னும் பிரெஞ்சுக்காரர் 1880இல், எண்பத்திரண்டு வயதில், பல மாதங்கள் உழைத்து அதனை 274177 × 67280421310721 எனப் பிளந்தார். எட்டாவது உறுப்பு முப்பத்தொன்பது இலக்கங் கொண்டது. அதன் வரலாற்றிலே புதுமையொன்று நிகழ்ந்தது. 1877இல் பெப்பின் என்பார் வகுத்த சோதனையைக் கொண்டு, மூர்கெட்டு, வெசுட்டேண் என்னும் இருவர் 1905இல் அது முதன்மை எண் அன்று எனக் காட்டினர். ஆனால் ஒரு காரணியையும் அவர் கண்டிலர். கள்வன் உள்ளான் என்பது தெளிவாயிற்று. கள்வன் யாவன் என்பது தெரியவில்லை. 1970இல் மொரிசனும் பிரில்கார்ட்டும் கணினியின் துணையால் இரு காரணிகளையும் வெளிப்படுத்தும்வரை அறுபத்தைந்து ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. ஓர் எண் பிளவுபடும் என அறிதல் வேறு, அதனைப் பிளத்தல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை.

இவ்வேறுபாட்டின் மீதே இன்றைய மறைபொருட் செய்திமுறை நிற்கின்றது. 1977இல் இரிவெத்து, சமீர், அடில்மன் என்னும் மூவர் அமைத்த முறையில், இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்திலிருந்து அவற்றை மீட்பது அரிது. வங்கியோடும் அலுவலகங்களோடும் கணினி வழியாக நாம் தொடர்பு கொள்ளும்போது இத்தகைய எண்கள் நமக்காகக் காவல் நிற்கின்றன. அம்முறையில் ஓர் எண்ணை இன்னொரு வலுவுக்கு உயர்த்துதல் வேண்டும்; அதற்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும் சுட்டி 65537. காரணம் எளிது. பிங்கலர் வழியிற் சென்றால் பதினாறு முறை வர்க்கித்து ஒருமுறை பெருக்கினாற் போதும். சந்தங்களை எண்ண வகுத்த வழி பணத்தைக் காக்கவும் பயன்படுகின்றது.

பெர்மாவின் நம்பிக்கை பின்னர் என்னவாயிற்று என்பதையும் கூறுதல் வேண்டும். ஐந்துக்கு மேல் ஆறாவது முதன்மை எண் ஒன்று அவ்வரிசையில் இன்றுவரை அகப்படவில்லை. ஒயிலர் பிளந்ததிலிருந்து தொடர்ந்து, 2 இன் சுட்டியாக 2³² நிற்கும் உறுப்பு ஈறாக, ஒவ்வொன்றும் முதன்மை எண் அன்று எனத் தெளிவாகிவிட்டது. அவற்றுட் சிலவற்றுக்கு இன்னும் ஒரு காரணியேனும் தெரியாது. அடுத்த உறுப்பாகிய 2 இன் சுட்டியாக 2³³ நிற்பது 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களையுடையது. லூக்காவின் விதிப்படி அதன் காரணி ஒவ்வொன்றும் 2³⁵ இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருத்தல் வேண்டும். அவ்வடிவத்தில் எண்ணிறந்தவற்றால் வகுத்துப் பார்த்தும் காரணி ஒன்றும் அகப்படவில்லை. பெப்பினின் சோதனையை அதன்மீது நடத்தி முடித்தவரும் இலர்.